சுவரில் மாட்டிய பெண்ணுக்குப் பெயர் என்ன?

(கண்டி நகரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டுவது என்று பேச ஒரு கூட்டமா என்று அழைப்பிதழைப் பார்த்த சிலராவது நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். சுவரே வெடித்துக் கிடக்கும் லயங்கள் இன்னும் இருக்கிற மலையகத்தில் சுவரலங்காரம் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தேயிலைக் கொழுந்து பறித்த நம்முடைய பூட்டிமாரும் பாட்டிமாரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துச் சுவர்களில் படமாக இருக்கிறார்கள். லண்டன் கடை விளம்பரத்தில் இருந்தார்கள், தேயிலைப் பெட்டியில் இருந்தார்கள், இந்த ஊர் ஹோட்டல் வரவேற்பறையில் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு.

வேலை செய்யும் பெண்ணைப் படமாக அச்சிட்டு வீட்டுக்கு வீடு விற்ற மரபுகளில் பெரியது ஜப்பானுடையது. எடோ என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய டோக்கியோவில், பதினெட்டாம் நூற்றாண்டில் செழித்த மரப்பலகை அச்சைச் சொல்கிறேன். இப்போது அந்தப் படங்களின் நகல்கள் கண்டி வீடுகளுக்கும் வந்துவிட்டன. இணையத்தில் வாங்குகிறார்கள், பிரேம் போடுகிறார்கள், சோபாவுக்கு மேலே மாட்டுகிறார்கள். மாத்தளையில் நோரிடாக்கே தொழிற்சாலை வந்த பிறகு ஜப்பானியப் பீங்கான் நமக்குப் பழகிப்போனது. இப்போது ஜப்பானியப் படமும் வருகிறது, வரட்டும். அந்த ஜப்பானியப் பெண்ணையும் நம் கொழுந்துக்காரப் பெண்ணையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டினால் என்ன தெரியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்த அச்சு எப்படி உண்டானது என்று பார்ப்போம். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுப்படம் வரைவார். அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்துக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் ஒட்டுவார்கள். செதுக்குபவர் தாளோடு சேர்த்து மரத்தை வெட்டுவார். கோடு இருந்த இடம் மேடாக நிற்கும், மற்றதெல்லாம் பள்ளமாகும். ஓவியர் தம் கையால் வரைந்த தாள் அந்த வேலையிலேயே அழிந்துவிடும். மூலப்படம் என்று ஒன்று மிஞ்சாது. பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிப் பலகை. எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் இரண்டு அடையாள வெட்டுகள் இருக்கும். தாளின் மூலையையும் ஓரத்தையும் அவற்றில் பொருத்தினால் வண்ணம் மயிரிழை பிசகாமல் விழும். அச்சு இயந்திரம் கிடையாது. ஈரம் ஊட்டிய தாளைப் பலகைமேல் பரப்பி, மூங்கில் மட்டை சுற்றிய வட்டத் திண்டால் பின்பக்கம் கையாலேயே தேய்ப்பார்கள். 1765ஆம் ஆண்டை ஒட்டிச் சுசுகி ஹருநோபு காலத்தில் பலவண்ண அச்சு முழுமை பெற்றது. ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகிய மூவருக்கும் மேலே, முதல் போட்டு என்ன விற்கும் என்று தீர்மானிக்கும் பதிப்பாளர் இருந்தார்.

விலையோ ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலையை ஒட்டியது. ஆக, தச்சரும் தரகரும் வாங்கிய படங்கள் அவை. எல்லாரும் பிரேம் போட்டு மாட்டவில்லை. தொகுப்பாகக் கட்டி வைத்தார்கள், தடுப்புத் திரையில் ஒட்டினார்கள். ஜப்பானிய வீட்டில் நாம் சொல்கிற மாதிரிச் சுவர் குறைவு, மரத்தூண்கள்தான் அதிகம். அதற்காகவே நாலைந்து அங்குல அகலத்தில் இரண்டடிக்கு மேல் உயரமான ஒல்லிப் படங்களை அச்சிட்டார்கள், தூணில் தொங்கவிட. அலங்காரப் பொருள் என்று சொல்லி இவற்றை மட்டம் தட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவை பிறந்ததே வீட்டுக்காகத்தான். அருங்காட்சியகம் பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதே மலிவுப் படங்கள் ஐரோப்பாவுக்குப் போனபோது வான்கோ தம் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். மோனே ஜிவெர்னியில் இருந்த தம் வீட்டுச் சுவர்களை இருநூறுக்கும் மேற்பட்ட அச்சுகளால் நிறைத்தார்.

இந்த மரபில் பெண்களை வரைவதில் முதல்வர் கிதகாவா உதமாரோ. 1806இல் இறந்தவர். அவருடைய படம் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். 1790களின் நடுவில் வந்தது. இரண்டு தாள்கள் சேர்ந்த படம். ஒரு வீட்டு அடுப்படி. ஒரு பெண் குனிந்து மூங்கில் குழலை வாயில் வைத்து அடுப்பை ஊதுகிறாள். கன்னம் உப்பியிருக்கிறது. கிளம்புகிற புகை பக்கத்தில் வெந்நீர் மொள்ளும் பெண்ணின் கண்ணில் போய் அடிக்கிறது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்புகிறாள். இன்னொருத்தி கத்தரிக்காய் தோல் சீவுகிறாள். ஒரு குழந்தை அவளைச் சும்மா விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் படம்.

அந்த மூங்கில் குழல் என்ன? நம் ஊதாங்குழல்தான்! கம்பளையிலும் புசல்லாவையிலும் லயத்து அடுப்பங்கரையில் ஈர விறகோடு மல்லுக்கட்டிய எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சுளிப்பு தெரியும். அழகிகளை வரைந்து பேர் வாங்கிய ஓவியர் ஒருவர், அழகியின் முகத்தைப் புகையால் கோணலாக்கிக் காட்டத் துணிந்தார். அவர் அந்த அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறார் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் அவர் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1800ஐ ஒட்டிப் பட்டுப்புழு வளர்க்கும் பெண்களைப் பற்றிப் பன்னிரண்டு தாள்கள் கொண்ட தொடர் ஒன்றை வரைந்தார். மல்பெரி இலை பறிப்பது, நறுக்குவது, புழுவுக்குப் போடுவது, கூட்டைக் கொதிநீரில் இட்டு நூல் எடுப்பது, நெய்வது என்று வேலை வரிசை சரியாக இருக்கிறது. வேலை செய்யும் பெண்களோ எடோவின் யோஷிவாரா கேளிக்கைத் தெருவிலிருந்து நேரே இறங்கி வந்தவர்களைப் போல இருக்கிறார்கள். கலையாத கொண்டை, வழியாத வியர்வை. கொதிக்கும் கூட்டிலிருந்து வரும் நாற்றம் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

இன்னும் ஒரு வேடிக்கை. 1803ஐ ஒட்டி வந்த மூன்று தாள் படம் ஒன்றில், இந்த மரப்பலகை அச்சு வேலையையே பெண்கள் செய்வதாகக் காட்டினார். உளி பிடித்துச் செதுக்குகிறவளும் பெண், உளி தீட்டுகிறவளும் பெண். உண்மையில் அந்தப் பட்டறைகளில் அந்த வேலையைச் செய்தவர்கள் ஆண்கள். வாங்குகிறவர் கண்ணுக்குப் பெண் இருந்தால் விற்கும் என்பதற்காக ஆண்களை எடுத்துவிட்டுப் பெண்களை வைத்தார். விளையாட்டுத்தான், வாங்கியவர்களுக்கும் அது விளையாட்டென்று தெரியும். ஆனால் இருநூறு ஆண்டு கழித்துக் கண்டியில் அதை வாங்கி மாட்டுகிறவருக்கு யார் சொல்வது?

இப்போது பெயருக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் மையம் அதுதான்.

1793ஐ ஒட்டி உதமாரோ எடோ நகரத்து இளம்பெண்கள் மூவரை ஒரே தாளில் வரைந்தார். அவர்களில் இருவர் கடைப்பெண்கள். ஒருத்தி அசகுசா கோயிலுக்கு அருகே நானிவாயா என்ற தேநீர்க்கடையில் தேநீர் கொடுத்த ஒகிதா. மற்றவள் அரிசி அப்பளம் மாதிரியான பண்டம் விற்ற குடும்பத்து ஒஹிசா. இருவருக்கும் பதினாறு, பதினேழு வயது. தட்டில் தேநீர்க் கிண்ணம் ஏந்தி வரும் ஒகிதாவின் படம் தனியாகவும் வந்தது. படத்தில் பெயர் இருந்தது. பெயரைப் பார்த்து எடோ மக்கள் கடைக்குத் திரண்டார்கள்.

அரசாங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் பெயரைப் படத்தில் போடக்கூடாது என்று தடை போட்டது. உதமாரோவும் பதிப்பாளரும் என்ன செய்தார்கள் தெரியுமா? மூலையில் ஒரு சிறு கட்டம் போட்டு, அதற்குள் சில பொருள்களை வரைந்தார்கள். அந்தப் பொருள்களின் பெயர்களைச் சேர்த்து உச்சரித்தால் பெண்ணின் பெயர் வரும். வாங்கியவர்கள் விடுகதையை அவிழ்த்துக் கொண்டார்கள். 1796இல் அந்த விடுகதைக்கும் தடை வந்தது. 1804இல் வேறொரு படத் தொடருக்காக உதமாரோவையே பிடித்து ஐம்பது நாள் கையில் விலங்கு மாட்டினார்கள். ஒரு தேநீர்க்கடைப் பெண்ணின் பெயரைத் தாளில் வைத்திருக்க அவ்வளவு பாடு பட்டிருக்கிறார்கள், அதுவும் வியாபாரத்துக்காக. வியாபாரமாக இருந்தால் என்ன? ஒகிதாவின் பெயர் இன்று எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறது.

சரி, நம் மலைக்கு வருவோம்.

இந்த ஊருக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை மலையெல்லாம் ஏறியது. அதே காலத்தில் காமிராவும் மலையேறியது. சார்ல்ஸ் ஸ்கோவென் 1870களில் கண்டியிலேயே ஸ்டூடியோ வைத்தார். ஸ்கீன் நிறுவனமும், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் அடுத்தடுத்துப் படம் பிடித்தன. துறைமுகத்தில் இறங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் வாங்கிப் போக ஆல்பங்களும் தபாலட்டைகளும் அச்சாயின. அந்தத் தபாலட்டைகளை எடுத்துப் பாருங்கள். காதில் கனத்த நகை, மூக்குத்தி, தலையிலிருந்து கயிற்றில் தொங்கும் கூடை, காமிராவை நேரே பார்க்கும் கண். கீழே அச்சிட்ட எழுத்தில் ‘கொழுந்து பறிப்பவர்’ அல்லது ‘தமிழ்க் கூலிப் பெண்’. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெயரை ஒளிப்படக்கலை படிக்கும் மாணவர்கள் அறிவீர்கள். இங்கிலாந்தில் கவிஞர் டென்னிசனையும் அறிவியலாளர் டார்வினையும் படம் பிடித்த மாபெரும் கலைஞர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானவர். இங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத்துத் தமிழர்களும் கிராமத்தவர்களும் இருக்கிறார்கள். ஒளி விழும் விதத்தில், முகத்தின் கம்பீரத்தில், டென்னிசனுக்குக் கொடுத்த மரியாதையை அவர்களுக்கும் அவர் காமிரா கொடுத்தது. பெயரை மட்டும் கொடுக்கவில்லை. அங்கே டென்னிசன், டார்வின். இங்கே ஒரு பெண், ஒரு கூட்டம்.

1890இல் தோமஸ் லிப்டன் வந்து ஊவாப் பக்கம் தோட்டங்கள் வாங்கினார். அதன் பிறகு கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண் அவருடைய விளம்பரங்களில் உலகம் சுற்றினாள். ஜப்பானியத் தேயிலைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போன அவர்களுடைய பச்சைத் தேயிலைப் பெட்டிகளில், மரப்பலகை அச்சுக் கலைஞர்களே செதுக்கி அச்சிட்ட வண்ணச் சீட்டுகள் இருந்தன. பிறகு நம் மலைகளிலும் இந்தியாவிலும் விளைந்த கறுப்புத் தேயிலை அந்தச் சந்தையைப் பிடித்தது. படத்துக்குப் படம் நடந்த போட்டியில் வென்றது நம் பெண்ணின் படம் என்று பெருமைப்படலாம், அவளுக்கு அதில் ஒரு சதம் கிடைத்திருந்தால்.

அரசாங்கமும் பின்தங்கவில்லை. 1935இல் வந்த படத் தபால் முத்திரைத் தொடரில் தலதா மாளிகை ஒரு முத்திரையில், கொழுந்து பறிக்கும் பெண் இன்னொரு முத்திரையில். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1948இல், அந்த முத்திரையில் இருந்த பெண்ணின் குடும்பம் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றதாயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவளையும் அவள் பிள்ளைகளையும் லட்சக் கணக்கில் பங்கு பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. 1990களில் கையில் புழங்கிய செம்மஞ்சள் நிற நூறு ரூபாய்த் தாள் நினைவிருக்கிறதா? அதிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள்தான். நாட்டின் முகமாக அவள் போதும், நாட்டின் பிரஜையாக மட்டும் அவள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் படங்களில் எது இருக்காது என்று சொல்கிறேன். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் திருத்துங்கள். இடுப்பில் படங்கு இருக்காது. ஈரத்திலும் தேயிலைக் கிளையின் கீறலிலும் இருந்து காப்பாற்றுகிற அந்த முரட்டுத் துணி இல்லாமல் எந்தப் பெண்ணும் மலைக்கு இறங்குவதில்லை. படத்தில் அவள் பட்டுக்கரை போட்ட புடவையில் நிற்பாள். காலில் அட்டை இருக்காது. மழை பெய்யாது. பிரம்புக் கூடை கட்டாயம் இருக்கும். இன்று பல தோட்டங்களில் பிரம்புக் கூடை போய், தோளில் நைலோன் பை வந்துவிட்டது. ஆனால் நைலோன் பையைப் போட்டோக்காரர் ஒதுக்கி வைக்கச் சொல்வார். முக்கியமாக, தராசு இருக்காது. கொழுந்து நிறுக்கும் இடத்தை அலங்காரப் படமாக நான் எந்த ஹோட்டலிலும் பார்த்ததில்லை. கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கிலோ கழிக்கும்போது அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்பதை வரவேற்பறையில் மாட்ட முடியாதல்லவா? பதினெட்டுக் கிலோ எடுக்க வேண்டிய நாளில் பதினாறு எடுத்து, அரைநாள் கூலியான ‘அரைப் பேர்’ போடப்பட்டு வீடு திரும்புகிறவள் சிரிப்பதில்லை.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோவுக்குக் குறையாமல் பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஓர் அரும்பும் என்று கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த கொழுந்து. ஒரே நாள் வேலைக்கு ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுத்த வழக்கம் 1984 வேலைநிறுத்தத்தோடுதான் ஒழிந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதே பெண்ணின் பெரிய படத்தைப் பிரேம் போட்டு வாங்கக் கடையில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

அதனால் அந்தப் படங்களைக் கழற்றி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ‘உழைப்பை அழகாகக் காட்டுவதே சுரண்டல்’ என்பது அவர்கள் கட்சி. எனக்கு அது ஒப்பவில்லை. கொழுந்து பறிக்கும் கைக்கு ஓர் அழகு உண்டு. இரண்டு கையும் தனித்தனியே இயங்கி, கண் அடுத்த செடியில் இருக்க, பிடி நிறைந்ததும் தலைக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் எறிகிற வேகம் இருக்கிறதே, அதைச் சரியாக வரைந்த ஓவியத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அழகு குற்றமல்ல. வேலை தெரியாமல் வரைவதும், பெயர் கேட்காமல் விற்பதும்தான் குற்றம்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது: ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்து குமாரசுவாமியின் மகன். கனிமவள ஆய்வுக்காக வந்து, கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களிடம் நேரில் கேட்டு 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலை வெளியிட்டார். அவரோடு கிராமங்களுக்குப் போன மனைவி எதெல், பின்னாளில் இங்கிலாந்தில் பெயர்பெற்ற நெசவாளர் ஆனார். குமாரசுவாமி 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்து 1947இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்த அருங்காட்சியகத்தில்தான் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சுகள் இருக்கின்றன. அவர் அங்கே இருந்தபோது, 1921இல், ஸ்போல்டிங் சகோதரர்கள் ஏறக்குறைய 6,500 அச்சுகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு. இவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு ஒருநாளும் மாட்டக் கூடாது! வெளிச்சம் பட்டால் அந்தப் பழைய நீலமும் குசும்பப்பூச் சிவப்பும் வெளிறிப்போகும். மாட்டாததால்தான் அந்த வண்ணங்கள் இன்றும் எடோவில் விற்ற நாளின் வண்ணமாகவே இருக்கின்றன. வீட்டில் மாட்டப் பிறந்த படம், மாட்டாமல் இருந்தால்தான் உயிரோடு இருக்கிறது. கலை என்பது பயன்படுவதற்கே என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய குமாரசுவாமி வேலை பார்த்த இடத்திலேயே இப்படி ஒரு முரண்.

நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நகல்தான், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் என்ன நகல் என்று தெரிந்து வாங்குங்கள். பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ஆப்செட் அச்சு, காகித விலைதான் கொடுக்கலாம். பலகையில் அடித்ததானால் வண்ணம் தட்டையாக, தாளுக்குள் ஊறியிருக்கும்; திருப்பினால் பின்பக்கம் வண்ணம் கசிந்திருப்பதும் தேய்த்த தடமும் தெரியும். டோக்கியோவில் அடாச்சி நிறுவனம் போன்றோர் இன்றும் பலகை வெட்டிக் கையால் தேய்த்துப் பழைய படங்களைப் புதிதாக அச்சிடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் அதை வாங்கலாம். கண்டியின் ஈரம் உங்களுக்குத் தெரியும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், படம் கண்ணாடியில் ஒட்டாதபடி அமிலமில்லாத அட்டையில் இடைவெளி விட்டுப் பிரேம் போடச் சொல்லுங்கள். ஹார்ட்போர்ட்டை நேரே பின்னால் வைத்து ஆணியடிக்கும் பிரேம்காரரிடம் மட்டும் சண்டை போடுங்கள். இரண்டு மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி வந்துவிடும்.

படத்தையே விட்டு, கைவேலையை மாட்டவும் இந்த ஊரில் வழி இருக்கிறது. ஹேனவல கிராமத்தில் நாரில் நெய்யும் தும்பறைப் பாய்கள் எத்தனையோ நல்ல சுவர்களில் தொங்குகின்றன.

நம் வீடுகளுக்கு வருவோம். மலையகத் தமிழ் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது? முருகன், மாரியம்மன், லட்சுமி. ரவிவர்மா 1894இல் அச்சகம் வைத்து இந்தியா முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டுபோன படங்களின் பேரப்பிள்ளைகள் அவை. பக்கத்தில் எம்.ஜி.ஆர். இருந்தார் ஒரு காலத்தில். இப்போது மகளின் பட்டமளிப்புப் படம். தலையில் தட்டைத் தொப்பி, கையில் சுருள். அந்த மகளைப் படிக்க வைத்த கூடை எங்கே? இல்லை. ஹோட்டல் சுவரில் இருக்கிறது, வெள்ளைக்காரர் வீட்டில் இருக்கிறது, அவள் பேத்தியின் வீட்டில் இல்லை. காரணம் தெரியாமல் சொல்லவில்லை. கூலி என்று சொல்லிச் சொல்லி உண்டாக்கிய கூச்சம் அது. தோட்டத்துப் பிள்ளை என்று வகுப்பில் கேலி கேட்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அந்தக் கூடையைச் சுவரில் மாட்டுவது உங்களுக்கு எளிதல்ல. ஆனால் அதை மாட்டும் உரிமை யாருக்காவது முதலில் இருக்குமானால் உங்களுக்குத்தான்.

மாற்றம் தொடங்கிவிட்டது. ஹனுஷா சோமசுந்தரம் போன்ற மலையகத்திலேயே பிறந்த ஓவியர்கள் தேநீர்க் கறையையும் தேயிலைப் பையையுமே ஊடகமாக எடுத்து வேலை செய்கிறார்கள். வெளியிலிருந்து வந்த காமிராவுக்குத் தெரியாத லயத்து உட்பக்கம் அவர்களுக்குத் தெரியும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், கண்டி சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கியது. ஹந்தானையில் பழைய தொழிற்சாலையில் 2001இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்துக்கு உல்லாசப் பயணிகள் போகிறார்கள். இயந்திரங்களையும் டெயிலரையும் அங்கே பார்க்கலாம், நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் கம்பளைக்கும் ஒரு நடை போய் வந்தால் கணக்கு நேராகும். டெயிலர் 1892இல் இறந்தார். அவர் கல்லறை இந்த நகரத்தில் மகியாவை மயானத்தில் இருக்கிறது, பெயர் பொறித்த கல்லோடு. அவருடைய பத்தொன்பது ஏக்கரில் முதல் கொழுந்தைக் கிள்ளியவர்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை.

ஆகவே தீர்ப்பாகவே சொல்கிறேன். உதமாரோவை வாங்கினால் பட்டுப்புழு அழகிகளை விட்டுவிட்டு அடுப்படிப் படத்தை வாங்குங்கள். ஒகிதாவை வாங்கினால் அவள் பெயரை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி மாட்டுங்கள். பெயரில்லாத கொழுந்துக்காரப் பெண்ணின் பெரிய வண்ணப்படத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். படம் பிடித்தவரிடம், அச்சிட்டவரிடம், ஹோட்டல்காரரிடம், இவர் யார், எந்தத் தோட்டம், படத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது படத்தில் பெயர் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் வீட்டில், பெட்டிக்கு அடியிலோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ, அம்மாவோ பாட்டியோ கூடையோடு அல்லது காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று இருக்கும். அதை எடுத்துப் பின்பக்கம் அவர் பெயர், தோட்டம், டிவிஷன், தெரிந்தால் ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். போனில் ஒரு பிரதி எடுத்து அதன் பெயரிலும் இவற்றைச் சேருங்கள். ஆண்டு தெரியாவிட்டால் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.